குறி பலித்தால் அவர் தீர்க்கதரிசியா?

கேள்வி:
சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் வசிக்கிறேன். வெளியூரிலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவ ஊழியர், லயத்து வீட்டு ஜெபக்கூட்டத்தில் என் அத்தைக்கு முழங்கால் வலி இருப்பதைச் சரியாகச் சொல்லிவிட்டு, காணிக்கையாக 200 ரிங்கிட் கேட்டார். சொன்னது சரியாக இருந்ததால் அவரை நம்பலாமா?

மறுமொழி 1:
சகோதரி, பலிப்பது மட்டும் சான்றாகாது. ஒருவன் சொன்ன அடையாளம் நடந்தேறினாலும், அவன் வேறு தெய்வங்களைப் பின்பற்ற அழைத்தால் செவிகொடுக்கக் கூடாது என்கிறது உபாகமம் 13. இயேசு கிறிஸ்து மாம்சத்தில் வந்தார் என்று அறிக்கையிடுகிறதா என ஆவிகளைச் சோதித்தறியச் சொல்கிறது 1 யோவான் 4. அந்த அதிகாரத்தை நாம் அன்பைப் பற்றியதாக மட்டுமே வாசித்துப் பழகிவிட்டோம்.

மறுமொழி 2:
பணத்துக்குக் குறிசொல்லும் தீர்க்கதரிசிகளை மீகா 3:11 கண்டிக்கிறது. ஆதித் திருச்சபையின் போதனை நூலான 'திதாகே' இன்னும் கறாரானது: ஊர் ஊராக வரும் அப்போஸ்தலன் மூன்று நாள் தங்கினாலோ, புறப்படும்போது பணம் கேட்டாலோ அவன் கள்ளத் தீர்க்கதரிசி.

மறுமொழி 3:
மத்தேயு 7-இல் ஆண்டவர் கனிகளைப் பார்க்கச் சொல்கிறார். செம்பனை வெட்டும் நாங்கள் குலையின் நிறத்தை மட்டும் நம்பாமல், மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களையும் பார்த்தே வெட்டுவோம். அவர் முன்பு கூட்டம் நடத்திய தோட்டங்களில் விசாரியுங்கள், அம்மா.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. அன்று அத்தை முழங்காலில் துணிக்கட்டுப் போட்டிருந்தார் என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.