ஆளுமை வகை, சபா ரசனை, மரபுப் பிடிப்பு: கேள்வித்தாள் எப்படி அமைப்பது?

மாட்டுங்கா வாசகர்:
மும்பையில் மாட்டுங்கா, செம்பூர் பக்கத்துத் தமிழ் வாசகர் வட்டத்தில் சுமார் 60 பேர். எல்லோருக்கும் எம்பிடிஐ பாணித் தேர்வு (ஆளுமையை நான்கு எழுத்துகளால் 16 வகையாகப் பிரிப்பது) கொடுத்து, யார் தத்துவம் படிக்கிறார்கள், யார் ஷண்முகானந்தா அரங்கக் கச்சேரிக்குப் போகிறார்கள், யார் வீட்டுச் சடங்கை விடாமல் செய்கிறார்கள் என்று ஒப்பிட உத்தேசம். 'என்' எழுத்துக்காரர்கள் (உள்ளுணர்வை நம்புவோர்) அறிவுத்தேடல், 'எஸ்ஜே' (நேரடி விவரத்தையும் ஒழுங்கையும் நாடுவோர்) மரபு என்று எதிர்பார்க்கிறோம். சரிப்படுமா?

அளவுகோல்:
60 பேரை 16 ஆகப் பிரித்தால் வகைக்கு நாலு பேர்கூடத் தேறாது. அதைவிடப் பெரிய சிக்கல், மதிப்பெண்கள் பெரும்பாலும் நடுவில்தான் குவியும். நடுக்கோட்டுக்கு ஒரு புள்ளி இந்தப் பக்கம் 'என்', அந்தப் பக்கம் 'எஸ்'. சில வாரம் கழித்து எழுதச் சொன்னால் பலருக்கு எழுத்தே மாறிவிடும்.

உளவியலாளர்கள் மெக்ரேயும் காஸ்டாவும் 1989லேயே காட்டினார்கள்: என்–எஸ் அச்சு பெரும்பாலும் ஐங்காரணி மாதிரியின் (ஆளுமையை ஐந்து குணங்களாக அளப்பது) 'திறந்த மனப்பாங்கை', அதாவது புதியதை நாடும் குணத்தைத்தான் அளக்கிறது. அதையே நேராக அளந்துவிடுங்கள். ஐபிஐபி என்ற பொதுக் கேள்வித் தொகுப்பில் உள்ள கேள்விகளுக்குக் காப்புரிமைத் தொல்லை கிடையாது.

ஆனால் மொத்த மதிப்பெண் போடாதீர்கள். அதன் ஆறு கூறுகளில் கருத்து, அழகியல், விழுமியம் (பழைய நெறிகளை மறுபடி யோசிக்கத் தயாரா என்பது) மூன்றையும் தனித்தனியே எடுங்கள். ஒரு மணி நேர ராகம் தானம் பல்லவிக்கு அசையாமல் உட்கார்ந்திருக்கும் மாமி, திதி விஷயத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்காதவராக இருக்கலாம். அழகியலில் உச்சம், விழுமியத்தில் அடிமட்டம். கூட்டிப் போட்டால் நடுவில் கரைந்துபோவார். உங்கள் ஆய்வு தேட வேண்டியதே அவரைத்தான்.

கேள்வித்தாள் பிரியன்:
கூறுக்குக் குறைந்தது 6 கேள்வி, அதில் 3 எதிர்மறை. 5 புள்ளி அளவில் எதிர்மறைக் கேள்விக்கு 6லிருந்து விடையைக் கழிக்க வேண்டும். இதை மறந்தால் எல்லாக் கணக்கும் கெடும். "கவிதை பிடிக்காமல் இல்லை" மாதிரி இரட்டை எதிர்மறை வேண்டாம்; "கவிதை எனக்குச் சலிப்பூட்டும்" என்று நேராகக் கேளுங்கள். எதிர்மறையே இல்லாவிட்டால், எதற்கும் "ஆமாம்" போடுகிறவர் எல்லாக் கூறிலும் உயர்ந்து நிற்பார்.

"எனக்குக் கலையில் ஆர்வம் உண்டு" என்று மாட்டுங்காவில் கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் 5 போடுவார்கள். எல்லோரும் ஒரே விடை சொன்னால் எதோடும் ஒப்பிட முடியாது. நடத்தையைக் கேளுங்கள்: கடந்த 12 மாதத்தில் தானே டிக்கெட் வாங்கிப் போன கச்சேரி எத்தனை? தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீன் பக்கம் எழுந்து போவதுண்டா? தெரியாத ராகம் வந்தால் வீட்டுக்கு வந்து தேடுவதுண்டா?

தாராவி–தாதர்:
ரென்ட்ஃப்ரோ, காஸ்லிங் இருவரின் 2003 இசை ரசனை ஆய்வில் செவ்வியல், ஜாஸ், ப்ளூஸ், நாட்டுப்புற இசை ஒரே கொத்தாக வந்து திறந்த மனப்பாங்கோடு ஒட்டின. அது அமெரிக்க மாணவர்கள். அங்கே செவ்வியல் இசையைப் பெரும்பாலும் அவரவரே தேடிப் போகிறார்கள். நம் வீடுகளில் கர்நாடக சங்கீதம் வளர்ப்போடு வருவது. அதனால் 12 வயதுக்குள் பாட்டு கற்றாரா, பெற்றோர் படிப்பு என்ன, பிறந்த ஆண்டு என்ன என்று கட்டாயம் கேளுங்கள். ரசனையில் வர்க்கமும் படிப்பும் எவ்வளவு புகுந்திருக்கின்றன என்பதை சமூகவியலாளர் பூர்தியூ 1979லேயே விரிவாக எழுதிவிட்டார். இவற்றின் தாக்கத்தைக் கணக்கில் பிரித்தெடுக்காமல் ஆளுமையைப் பேசுவது வீண்.

மாட்டுங்கா வாசகர்:
நன்றி. மரபுக்கு விழுமியக் கேள்விகளே போதுமா?

அளவுகோல்:
போதாது. அந்தக் கூறில் அரசியல், சமூகப் பார்வையும் கலந்திருக்கும். உளவியலாளர் ஷ்வார்ட்ஸின் 10 விழுமியங்களில் 'மரபு' தனியே உண்டு; "இவர் உங்களைப் போன்றவரா?" என்று ஓர் ஆளை வர்ணித்துக் கேட்கும் வடிவம் வயதானவர்களுக்கும் எளிது. ஒவ்வொருவரின் மரபு மதிப்பெண்ணிலிருந்தும் அவருடைய எல்லா விடைகளின் சராசரியைக் கழியுங்கள். சிலர் எதைக் கேட்டாலும் உயர்வாகவே போடுவார்கள். இணக்கக் குணத்தையும் (ஐங்காரணியில் இன்னொன்று) அளந்து வையுங்கள். மரபுப் பிடிப்பு அதோடும் ஒட்டும்.

60 பேர் குறைவு. 0.3 அளவு தொடர்பைப் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) பிடிக்கவே சுமார் 85 பேர் வேண்டும். மீதிப் பேரை அதே வாட்ஸ்அப் குழுவில் தேடாமல் டோம்பிவிலி, தாராவியிலிருந்து சேருங்கள்.