தற்காப்பு வாதம்: வழக்கறிஞர் நண்பர்கள் உதவ முடியுமா?

வணக்கம். சட்டக் கல்லூரி மாணவன் நான். வகுப்பில் பேச ராபர்ட் டர்ஸ்ட் வழக்கை எடுத்திருக்கிறேன். நியூயார்க் ரியல் எஸ்டேட் கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை. டெக்சாஸின் கால்வெஸ்டனில் வாய் பேசாத பெண்போல வேடமிட்டுத் தங்கியிருந்தவர், 2001-இல் பக்கத்து வீட்டு மாரிஸ் பிளாக்கைக் கொன்றதாகக் கைதானார். ஜாமீனில் வந்து தலைமறைவானார். சட்டைப்பையில் 500 டாலர் இருந்தும் சாண்ட்விச் திருடி மாட்டிக்கொண்டார்!

டிக் டிகெரின் தலைமையிலான அவரது வக்கீல்கள், டர்ஸ்ட் உடலை வெட்டிக் கடலில் வீசியதை மறுக்கவே இல்லை. துப்பாக்கிக்கு நடந்த இழுபறியில் குண்டு பாய்ந்தது, வெட்டியது அதற்கப்புறம் பயத்தில் என்று இரண்டையும் பிரித்து வைத்தார்கள். தலை கடைசி வரை கிடைக்கவில்லை, ஆகவே குண்டு பாய்ந்த விதத்தை அரசுத் தரப்பால் காட்ட முடியவில்லை. 2003-இல் ஜூரி விடுதலை செய்தது. பணம் இல்லாதவனுக்கு இது நடந்திருக்குமா என்பது வேறு கதை.

என் சந்தேகம் இதுதான். டெக்சாஸில் தற்காப்பு என்று ஆதாரத்தோடு கிளப்பிவிட்டால், அது பொய் என்று அரசுத் தரப்புதான் ஐயமற நிரூபிக்க வேண்டும். நம்மூரில் சாட்சியச் சட்டம் 105-ஆம் பிரிவுப்படி (இப்போது புதிய சட்டத்தில் 108) அந்தச் சுமை குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மேல்தானே? உடலை மறைத்ததை ஒப்புக்கொண்டும் தற்காப்பு எடுபட்ட உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஏதாவது தெரியுமா? வழக்கு எண் கிடைத்தால்கூடப் போதும், மீதியை நானே தேடிக்கொள்கிறேன்.