சிறுத்தை ஆர்க்கிட்டைப் பிரித்து நட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். வேலை நிமித்தமாகத் தான்சானியாவின் தார் எஸ் சலாமில் இருக்கிறேன். பால்கனியில் மூன்று வருடமாக ஒரு அன்செலியா ஆப்ரிக்கானா வளர்கிறது. மஞ்சள் பூவில் பழுப்புப் புள்ளிகள், அதனால்தான் சிறுத்தை ஆர்க்கிட் என்ற பெயர். காட்டு மரங்களிலிருந்து பிடுங்கி விற்றே இதை அரிதாக்கிவிட்டார்கள். என்னுடையது நர்சரியில் பிரித்து வளர்த்த செடி.

வேர்கள் ஊசி ஊசியாக மேல்நோக்கிக் கிளம்பியபோது நோய் என்று பயந்து நாலைந்தை வெட்டித் தொலைத்தேன். உதிரும் இலைதழையைப் பிடித்து வைக்கச் செடி பின்னிக்கொள்ளும் கூடை அது என்று அப்புறம்தான் தெரிந்தது!

இப்போது தொட்டி நிரம்பி 11 தண்டுகள். அடியில் கரியும் செங்கல் துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும்தான். போன மழையில் ஒரு குருத்து அடியில் கறுத்து அழுகியது. வெட்டிவிட்டு லவங்கப்பட்டைத் தூள் தடவினேன், அதோடு நின்றது. அதனால்தான் கத்தி வைக்கவே கை நடுங்குகிறது.

ஒரு பங்குக்கு மூன்று தண்டு போதுமா, நான்கு வேண்டுமா? இலை உதிர்ந்த பழைய தண்டைத் தனியே ஈரப் பாசியில் வைத்தால் முளைக்குமா? ஜூன் முதல் வறண்ட மாதங்களில் தண்ணீரைக் குறைத்துவிடுவேன். அந்த ஓய்வு முடிந்து புதுக் குருத்து தலைகாட்டும்போது பிரிப்பது சரியா?

விதை வழி வேண்டாம். தூசி மாதிரியான அந்த விதையில் சேமித்த உணவே கிடையாது, ஆய்வகக் குடுவை கேட்கும். நமக்கு அது கட்டுப்படியாகாது. பிரித்த செடியின் படம் இருந்தால் போடுங்களேன்.