கலாக்ஸ் அலமாரியை அறுத்து ஜன்னலோர பெஞ்ச்: வேலைக்கு ஆகுமா?

நிழற்குடை

ஜன்னலுக்குக் கீழே, இரண்டு பக்கமும் சுவர் வரும் ஒரு குழிவு இருக்கிறது. அகலம் 140 செ.மீ. அங்கே உட்கார ஒரு பெஞ்ச் வேண்டும், அடியில் புத்தகம் வைக்க இடம் வேண்டும். வீட்டில் ஐகியா ஃபர்னிச்சர் நிறுவனத்தின் கலாக்ஸ் அலமாரி ஒன்று சும்மா கிடக்கிறது. ஒரே வரிசையில் நாலு அறை உள்ளது. அதைப் படுக்க வைத்தால் உயரம் 42, ஆழம் 39. உட்கார அளவெடுத்த மாதிரி வருகிறது. ஆனால் நீளம் 147.

ஒரு முனையில் ஏழு செ.மீ. அறுத்துவிட்டு, அடியில் நாலு குட்டைக் கால் பொருத்தி, மேலே மெத்தை போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். கையில் இருப்பது ஒரு டிரில், ஒரு கைரம்பம். இந்த மன்றத்தில் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

உளிச்சத்தம்

தச்சு வேலைதான் எனக்குப் பிழைப்பு, அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். செய்யாதீர்கள். அந்த அலமாரியின் வெளிப்பலகை நாலு செ.மீ. தடிமன் தெரிகிறதே, அது முழுக்க மரம் என்று நினைத்தீர்களா? ஓரத்தில் மட்டும்தான் பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையால் அழுத்திச் செய்த பலகை) பட்டை. நடுவில் தேன்கூடு மாதிரி அடுக்கிய காகிதம். மேலும் கீழும் மெல்லிய மரநார் தகடு, அதன் மேல் படலம். ஏழு செ.மீ. அறுத்தால் அந்த ஓரப்பட்டை மொத்தமாகப் போய்விடும். மூலையில் திருகாணி எதைப் பிடிக்கும்? காகிதத்தையா?

18 மி.மீ. பிளைவுட் வாங்கி, நாலு பலகை வெட்டச் சொல்லி, நடுவில் இரண்டு தடுப்பு வைத்தால் முடிந்தது. உங்கள் பேரப்பிள்ளைகளும் அதில் உட்காருவார்கள்.

திருகாணி

வந்துவிட்டார் நம்ம அண்ணன்! மன்றத்தில் எந்தத் திரி ஆனாலும் பிளைவுட்தான். :)

அண்ணா, ஐகியாவின் 'பெட்டியில் தட்டையாக வரும் ஃபர்னிச்சர்' வியாபாரமே இப்படி ஒரு கைவேலையில் பிறந்ததுதான். 1956-ல் அங்கே வடிவமைப்பாளராக இருந்த கில்லிஸ் லண்ட்கிரென் ஒரு மேசையைக் காரில் ஏற்ற முடியாமல் அதன் காலைக் கழற்றினார். அங்கிருந்துதான் எல்லாம். பில்லி புத்தக அலமாரியை வரைந்தவரும் அவர்தான். கழற்றுவது, மாற்றுவது எல்லாம் இதன் பிறவிக்குணம்.

நிழற்குடை, தைரியமாகச் செய்யுங்கள். அறுத்த முனையில் காகிதத்தை மூன்று நாலு செ.மீ. ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். உள் இடைவெளிக்கு இறுக்கமாக ஒரு மரச்சட்டத்தை இழைத்து, மரப்பசை தடவிச் செருகி, கிளாம்ப் போட்டு இரவு முழுக்க விடுங்கள். முன்பு இருந்த பார்ட்டிகிள் போர்டை விட அந்தச் சட்டம் திருகாணியை நன்றாகவே பிடிக்கும். அறுக்கும் முன் கோட்டில் மறைப்பு டேப் ஒட்டிக் கத்தியால் ஆழமாகக் கீறிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் படலம் பல் பல்லாகப் பெயரும்.

உளிச்சத்தம்

தம்பி, காலைக் கழற்றி மறுபடி அதே இடத்தில் மாட்டுவது வேறு, பலகையை நடுவில் அறுப்பது வேறு. லண்ட்கிரென் மேசையை அறுக்கவில்லையே.

சட்டம் செருகும் வழியை நான் மறுக்கவில்லை, கதவு செய்கிறவர்கள் தினமும் செய்வதுதான். ஆனால் கைரம்பத்தால் நாலு செ.மீ. தடிமனை ஒரே நேராக அறுப்பது, இரண்டு நீளப் பலகையிலும் ஒரே அளவு வருவது, பழைய துளைகளை விட்டுப் புதிதாகத் துளைப்பது... முதல் தடவை செய்கிறவருக்கு இது நீங்கள் சொல்கிற மாதிரி ஒரு பத்தியில் முடியாது. அப்புறம் இன்னொன்று. சுவரை எத்தனை இடத்தில் அளந்தீர்கள், நிழற்குடை? மேலே ஒன்று, நடுவில் ஒன்று, தரையோரம் ஒன்று, முன்னும் பின்னும் அளந்து பாருங்கள். 140 என்று சொன்ன குழிவு பின்னால் 138.5 இருக்கும். சுவர் நேராக இருக்கிறது என்று நம்பி வெட்டியவன் யாரும் உருப்பட்டதில்லை.

ரெண்டாம்தளம்

வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் சார்பில் ஒரு வார்த்தை. எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஷீட்டை எங்கே கொண்டுபோய் வெட்டுவது? படிக்கட்டில் திருப்பவே முடியாது. வெட்டிக் கொடுக்கும் கடை கிடைத்தாலும் ஓரத்தை மூட எட்ஜ் பேண்ட் பட்டை, பாலிஷ், திருகு என்று வேலை நீண்டுகொண்டே போகும். தட்டைப் பெட்டியில் வருவதை ஒருவரே மாடிக்குத் தூக்கிவரலாம், வீடு மாறும்போது பிரிக்கலாம். தரத்துக்காக இதை யாரும் வாங்குவதில்லை. ஏற்கெனவே வெட்டி, துளைத்து, ஓரம் மூடி வருகிறது என்பதற்காகத்தான் வாங்குகிறோம்.

அதனால் என் கேள்வி உளிச்சத்தம் சாருக்கு: அறுக்காமல் செய்யும் மாற்றங்களையும் எதிர்க்கிறீர்களா? கைப்பிடி மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது, இரண்டு அலமாரியை முதுகுக்கு முதுகு சேர்த்து அறைத்தடுப்பு ஆக்குவது போன்றவை?

உளிச்சத்தம்

கைப்பிடி, பெயிண்ட் எல்லாம் உங்கள் இஷ்டம். ஆனால் அந்தப் படலத்தின் மேல் நேரடியாகப் பெயிண்ட் அடித்துவிட்டு, நகம் பட்டதும் தோல் உரிகிறது என்று இங்கே வந்து புலம்பக்கூடாது. 180 நம்பர் உப்புத்தாளில் பளபளப்பு போகும் வரை மட்டும் தேய்த்து, தூசி துடைத்து, பிடிமான பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, அப்புறம் பெயிண்ட். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், முழுதாக இறுக வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் மேலே கனமான பொருளை வைத்தால் ஒட்டிக்கொள்ளும்.

நான் எதிர்ப்பது ஒன்றே ஒன்றுதான். எடை இறங்கும் வழியை மாற்றுவது.

கணக்கன்

கடைசி வரி முக்கியம், அதைப் பிடித்துக்கொள்வோம். கலாக்ஸில் ஒரு தட்டுக்கு 13 கிலோ என்று போட்டிருக்கிறார்கள். ஆள் உட்காரும்போது அதைப் போலப் பல மடங்கு. ஆனாலும் நிழற்குடை சொல்கிற பெஞ்ச் நிற்கும். காரணம், அந்த 13 கிலோ என்பது அறைக்குள் குறுக்கே கிடக்கும் மெல்லிய தட்டுக்குச் சொன்னது. அலமாரியைப் படுக்க வைத்தால் அதே தட்டுகள் செங்குத்துத் தூண்களாகிவிடுகின்றன. எடை அவற்றின் வழியாக அழுத்தமாகத் தரைக்கு இறங்குகிறது. 33 செ.மீ.க்கு ஒரு தூண் என்பது நல்ல நெருக்கம்.

ஆனால் கால் பொருத்தினால் கதை மாறுகிறது. நாலு மூலையில் நாலு கால் என்றால் நடுத் தூண்களுக்குக் கீழே தரை இல்லை, காற்றுதான். இப்போது மொத்த நீளமும் ஒரு பாலம். தூண்கள் இருந்தும் பயன் இல்லை. அதோடு, காலின் தகட்டில் உள்ள திருகுகளில் வெளிப்பக்கத்தவை ஓரப்பட்டையில் பிடிக்கும், உட்பக்கத்தவை காகிதத்தில் போய் நிற்கும். கொஞ்ச நாளில் ஆடும், அப்புறம் கழன்று வரும்.

கால் வேண்டவே வேண்டாம். தூசி உள்ளே போகக்கூடாது என்றால் அடியில் சுற்றிலும் ஒரு சட்டப்பீடம் வையுங்கள், ஒவ்வொரு தடுப்புக்கு நேர் கீழேயும் ஒரு குறுக்குச் சட்டத்தோடு. மேலே 12 மி.மீ. பிளைவுட் ஒன்று போடுங்கள். அது வளைவுக்காக இல்லை. யாராவது குதிகாலை ஊன்றி ஜன்னல் துடைக்க ஏறினால் தேன்கூட்டின் மேல்தகடு அந்த இடத்தில் அமுங்கிவிடும். எடை பரவ வேண்டும்.

திருகாணி

கணக்கன் சொல்வதுதான் நான் எப்போதும் சொல்வது! பொருளின் குணம் தெரிந்து மாற்றினால் மலிவானதும் உழைக்கும். ஐகியாவின் லாக் மேசையைப் பாருங்கள். பக்கவாட்டு அகலம் 55, கால் ஒவ்வொன்றும் 5. நடுவில் மிச்சம் 45 செ.மீ. சர்வர் கம்ப்யூட்டர்களை அடுக்கும் 19 அங்குல ரேக்கின் உள் இடைவெளிக்கு அது அப்படியே பொருந்துகிறது. யாரோ கவனித்தார், இன்று உலகம் முழுக்க அதைச் செய்கிறார்கள். முப்பரிமாண அச்சு இயந்திரத்துக்கு அதே மேசையை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, சுற்றிலும் அக்ரிலிக் போட்டுக் கூண்டு செய்கிறார்கள்.

2006-லிருந்து இந்த மாதிரி வேலைகளைத் தொகுத்து வந்த ஐகியா ஹேக்கர்ஸ் தளத்துக்கு 2014-ல் நிறுவனம் வக்கீல் கடிதம் அனுப்பியது. ரசிகர்கள் கொதித்ததும் பின்வாங்கியது. 2018-ல் அதே நிறுவனம் டெலாக்டிக் என்று ஒரு சோபாவை, மாற்றியமைப்பதற்கென்றே வடிவமைத்து விற்றது. இதில் தலைவணங்கியது யார்?

உளிச்சத்தம்

அந்த லாக் மேசையின் காலும் பெரும்பாலும் உள்ளே வெற்றுதான். சர்வரை அதில் திருகியவர்கள் எத்தனை பேர் காலின் எந்த இடம் கெட்டி என்று பார்த்துத் திருகினார்கள்? படம் எடுக்கும் நாள் மட்டும் அழகாக நிற்கிறது. ஒரு வருஷம் கழித்து எடுத்த படத்தை யாராவது போட்டிருக்கிறீர்களா?

மரத்தூள்

நீளம், எடை எல்லாம் பேசுகிறோம், தூசியைப் பற்றி யாரும் பேசவில்லையே. பார்ட்டிகிள் போர்டையும் எம்டிஎஃப்பையும் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) ஒட்டவைக்கும் பசையில் பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருள் உண்டு. மேலே படலம் மூடியிருக்கும் வரை வெளியேறுவது குறைவு. அறுத்தால் படலம் இல்லாத முகம் திறக்கிறது. மரத்தூசியையும் ஃபார்மால்டிஹைடையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் வகையில் வைத்திருக்கிறது. ஒரு பெஞ்சுக்காக யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது, பயமுறுத்தவில்லை. ஆனால் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு அறுக்காதீர்கள். வெளியே, முகக்கவசத்தோடு. அறுத்த முகத்தை அன்றே பிரைமரோ பசையோ பூசி மூடுங்கள். ஈரம் பட்டால் முதலில் ஊதுவதும் அந்த முகம்தான், ஒருமுறை ஊதியது மறுபடி சுருங்காது.

அப்புறம் குழந்தை உள்ள வீடுகளுக்கு. ஐகியாவின் பெக்வெம் படி ஸ்டூலின் மேல் இன்னொரு ஸ்டூலைத் திருகி, சுற்றிலும் கம்பி வைத்து, குழந்தை சமையல் மேடை உயரத்துக்கு ஏறி நிற்கும் கோபுரம் செய்வது பிரபலம். அடிப்பாகம் ஸ்டூல் அளவுதான், நிற்கும் ஆளின் எடை மட்டும் உயரத்துக்குப் போய்விடுகிறது. குழந்தை ஒரு பக்கம் எம்பினால் சாயும்.

ரெண்டாம்தளம்

கோபுரம் விஷயத்தில் கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள். ஸ்டூல் உண்மையான மரம், திருகு நன்றாகப் பிடிக்கும். அடியில் இரண்டு பக்கமும் அகலச் சட்டம் வைத்தால் சாயாது. தடை போடுவதற்குப் பதில் சரியாகச் செய்யும் வழியைச் சொல்லலாமே.

மரத்தூள்

சட்டம் வைக்கிறவர்கள் வைக்கட்டும். படத்தைப் பார்த்துச் செய்கிறவர்கள் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள், அழகைக் கெடுக்கிறது என்று. இழுப்பறை அலமாரிக்கு உயரக் கால் வைப்பதும் இதே கதை. 2016-ல் அமெரிக்காவில் ஐகியா சுமார் 2.9 கோடி இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. மால்ம் வகையும் அதில் உண்டு. சுவரில் பிணைக்காமல் வைத்தவை சாய்ந்து குழந்தைகள் இறந்தார்கள். தொழிற்சாலை வடிவத்துக்கே இப்படி. அதைக் காலில் தூக்கி நிறுத்திவிட்டு, புதுக் கால் தெரிய வேண்டும் என்று சுவரிலிருந்து தள்ளியும் வைக்கிறார்கள். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

நிழற்குடை

எல்லாருக்கும் நன்றி. அளந்தேன். பின்பக்கம் 139, முன்பக்கம் 140.5. உளிச்சத்தம் சார், உங்கள் வாக்கு பலித்தது.

அறுக்கும் எண்ணம் போய்விட்டது. வேறு யோசனை: இரண்டு அறை உள்ள சின்ன கலாக்ஸ் 77 செ.மீ. அதை இடது சுவரோடு ஒட்டி வைத்து, வலது சுவரோரம் ஒரு பிளைவுட் பலகையை நிமிர்த்தி, நடுவில் சுமார் 60 செ.மீ. திறந்த இடம். கூடை வைக்கலாம். மேலே குறுக்காக ஒரே பிளைவுட் பலகை, அதை மட்டும் சுவரின் கோணலுக்கு ஏற்ப வெட்டிக்கொள்வேன். நாலு அறை அலமாரியை நண்பருடைய சின்னதோடு மாற்றிக்கொள்கிறேன், அவருக்கு உயரமானது வேண்டுமாம். இது நிற்குமா?

கணக்கன்

கலாக்ஸ் பக்கம் கவலையில்லை. திறந்த பக்கத்தைப் பாருங்கள். நடுவில் ஒரே ஆள் உட்கார்ந்தால் வளைவு இடைவெளியின் மும்மடியில் ஏறும். 33-லிருந்து 60 ஆனால் ஆறு மடங்கு. 12 மி.மீ. போதாது, 18 போடுங்கள். அதோடு முன் விளிம்பில் கீழ்ப்புறமாக ஐந்து செ.மீ. உயரச் சட்டம் ஒன்றை நிமிர்த்தி ஒட்டித் திருகுங்கள். பின்பக்கம் சுவரில் ஒரு சட்டம் அடித்து அதன் மேல் பலகையை உட்காரவையுங்கள்.

ரெண்டாம்தளம்

வாடகை வீடென்றால் சுவரில் அடிக்க விடமாட்டார்கள். பின்பக்கமும் முன்பக்கம் போலவே ஒரு சட்டம் ஒட்டிவிட்டால் சரியாகிவிடாதா?

கணக்கன்

சரியாகிவிடும். ஆனால் நிமிர்த்திய பலகையைக் கலாக்ஸோடு அடியில் ஒரு குறுக்குக் கட்டையால் இணைத்துவிடுங்கள், பக்கவாட்டில் ஆடாது.

உளிச்சத்தம்

மேல்பலகை பிளைவுட். வலது பலகை பிளைவுட். சட்டம் மரம். குறுக்குக் கட்டை மரம். மிச்சம் இருப்பது ஒரு 77 செ.மீ. காகிதப் பெட்டி. அதையும் அதே ஷீட்டில் வெட்டிவிட்டால் என்ன நஷ்டம் என்றுதான் கேட்கிறேன்.

திருகாணி

அந்தக் காகிதப் பெட்டி கையில் இருக்கிறது, ஓரம் மூடி, வெள்ளையாக, நேராக. அண்ணனுடைய பெட்டி இன்னும் கடையில் ஷீட்டாக நிற்கிறது.

உளிச்சத்தம்

சரி, செய்யுங்கள். மேல்பலகைக்கு அட்டையில் மாதிரி வெட்டி, சுவரில் வைத்துப் பார்த்த பிறகு ரம்பத்தைத் தொடுங்கள். கலாக்ஸின் மேல் அந்தப் பலகையைத் திருகும்போது ஓரத்திலிருந்து ஒன்றரை செ.மீ.க்குள் திருகுங்கள், அங்கேதான் கெட்டி. அடுத்த வருஷம் படம் போட வேண்டும், மறக்காமல்.