புகை அதிகம் என்று ஆயிலைக் குறைத்தேன், எஞ்சின் பிடித்துக்கொண்டது

கேள்வி: எஸ்டேட் படகுக்காரன், கோத்தகிரி

எங்கள் எஸ்டேட் குளத்தில் ஒரு சின்ன ஃபைபர் படகு இருக்கிறது. விருந்தாளிகள் வந்தால் ஒரு சுற்று, மற்ற நாட்களில் ஆகாயத்தாமரை அள்ளப் போவோம். எஞ்சின் 8 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் பழைய ரகம். நாகப்பட்டினத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். அங்கே ஓட்டிக் காட்டியபோது சுத்தமாக ஓடியது.

மலைக்கு வந்ததும் ஒரே புகை. வாரம் ஒரு பிளக் கறுத்து ஈரமாகிறது. ஆயில்தான் ஜாஸ்தி என்று நினைத்து, லிட்டருக்கு 20 மில்லி ஊற்றியதை 12 ஆக்கினேன். புகை கொஞ்சம் குறைந்தது, எனக்கும் பெருமை. போன ஞாயிறு காலை நல்ல குளிர். ஸ்டார்ட் செய்ததும் முழு வேகம் கொடுத்தேன். நடுக்குளத்தில் 'கீச்' என்று ஒரு சத்தம், நின்றுவிட்டது. கயிற்றை இழுத்தால் பாறையில் கட்டியதுபோல அசையவில்லை. துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தேன், கங்காணி வேறு பார்த்துச் சிரித்தார். அரை மணி கழித்துக் கயிறு சுற்றியது. எஞ்சின் தேறுமா?

பதில்: ஸ்ப்ரேயர் மெக்கானிக்

தம்பி, முதலில் ஆயிலைப் பழையபடி 20 மில்லி ஆக்குங்கள். பிளக்கை நனைத்தது பெட்ரோல். மருந்தடிக்கும் ஸ்ப்ரேயர், இலை வெட்டும் மெஷின் எல்லாம் கீழேயிருந்து மலையேறி வந்ததும் இதே சேட்டைதான் செய்யும். நம்ம ஊர் சுமார் 1,800 மீட்டர் உயரம். கடற்கரையில் கிடைக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு இங்கே இல்லை. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் ஓட்டையோ கடற்கரைக் கணக்கு. பெட்ரோல் அதே அளவு வருகிறது, எரிக்கக் காற்று போதவில்லை.

மெயின் ஜெட்டை ஒரு நம்பர் சின்னதாக மாற்றுங்கள். ஒரேயடியாக இரண்டு நம்பர் இறங்க வேண்டாம். ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது, பெட்ரோலைக் குறைத்தால் ஆயிலும் குறையும். பிளக்கின் பீங்கான் பால் டீ நிறத்துக்கு வர வேண்டும்.

பதில்: பாம்பன் படகு

என்ன ஆயில் என்று சொல்லவே இல்லையே அண்ணே? பைக்குக்கு ஊற்றும் டூ-டி ஆயில் காற்றில் குளிரும் எஞ்சினுக்கானது. நம்ம எஞ்சின் தண்ணீரில் குளிர்வது. அந்த ஆயிலின் சாம்பல் பிஸ்டன் ரிங் பள்ளத்தில் படிந்து ரிங்கைப் பிடித்துக்கொள்ளும். டப்பாவில் டிசி-டபிள்யூ3 என்று, தண்ணீரில் குளிரும் எஞ்சின் ஆயிலுக்கான குறி போட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, டேங்கைப் பாதியாக விட்டு வைக்கிறீர்களா? இப்போது பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது. மூடுபனி ஈரம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் ஒன்றாகி அடியில் தங்கிவிடும், ஆயில் மேலே பெட்ரோலோடு நிற்கும். குழாய் உறிஞ்சுவது அடியிலிருந்து. கண்ணாடி பாட்டிலில் ஊற்றிப் பாருங்கள். எஞ்சினிலிருந்து தண்ணீர் பீச்சுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்

தண்ணீர் நன்றாகவே பீச்சுகிறது. ஆயில் பைக் ஆயில்தான், ஒத்துக்கொள்கிறேன். பாட்டிலில் அரை விரல் உயரம் கலங்கல் தண்ணீர் நின்றது, டேங்கையே கழுவி விட்டேன்.

ஹெட்டைக் கழற்றினோம். மேல் பிஸ்டனில் நாலு பக்கமும் நெடுக்குக் கீறல். சூடேறுமுன் முறுக்கினால் இப்படித்தான், அலுமினிய பிஸ்டன் சட்டென்று விரியும், சிலிண்டரின் இரும்பு லைனர் மெதுவாகத்தான் விரியும் என்றார் மெக்கானிக். அதற்குமேல் ஆயிலும் குறைவு. லைனரைத் தேய்த்து, ரிங் மாற்றி, ஜெட் ஒரு நம்பர் இறக்கியாயிற்று. இப்போது ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டுத்தான் கிளம்புகிறேன். பிளக் பால் டீ இல்லை, ஸ்ட்ராங் டீ. இன்னும் ஒரு நம்பர் இறக்கட்டுமா?

பதில்: ஸ்ப்ரேயர் மெக்கானிக்

வேண்டாம், அப்படியே விடுங்கள். மார்கழிப் பனியில் காற்று இன்னும் அடர்த்தியாகும், இன்றைக்குக் கச்சிதமாக வைத்தால் அன்றைக்குப் பெட்ரோல் போதாது. கழற்றிய ஜெட்டைத் தூக்கிப் போடாதீர்கள், எஞ்சினைத் திரும்பக் கீழே விற்றால் வேண்டியிருக்கும்.