எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்ட் வேலைக்குப் புதிது: தவறு வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வணக்கம். எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டென்டாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். மேலதிகாரியின் காலண்டர், பயணம், மெயில் எல்லாம் இப்போது என் பொறுப்பு.

பெரிய கவலை நேர வித்தியாசம்தான். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வழக்கமாக 5 மணி நேரம். மார்ச்சில் கோடைக்கால நேரத்துக்காக அமெரிக்கா பிரிட்டனை முந்திக்கொண்டு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே மாற்றிவிடுவதால் சில வாரங்கள் 4 மணி நேரம்தான். அதனால் மீட்டிங் அழைப்பில் ஊர்ப் பெயரோடு நேரம் போடுகிறேன். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று வாய்விட்டுப் படித்த பிறகே அனுப்புகிறேன். டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. வேறென்ன கவனிக்க வேண்டும்?

அப்புறம், ஏதாவது தவறிப்போனால் உடனே சொல்வதா, மாற்று ஏற்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்வதா? உடனே சொல்வதுதான் சரி என்று தோன்றுகிறது. ஆனால் அவர் முக்கியமான மீட்டிங்கில் இருந்தால்? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.