தங்கச்சியிடம் பேச ஒரு மருத்துவர் வேண்டும்

குழுவில் உள்ள அக்காமார், அண்ணன்மார்களுக்கு வணக்கம். நான் அம்பாசமுத்திரம் பக்கம். என் தங்கச்சியின் மூன்று மாதப் பிள்ளை போன ஆவணியில் தூக்கத்திலேயே இறந்துவிட்டான். காய்ச்சல் இல்லை, சளி இல்லை. விடியக்காலையில் பால் கொடுக்கத் தூக்கினாள், உடம்பு குளிர்ந்திருந்தது. பிரேதப் பரிசோதனையிலும் காரணம் தெரியவில்லை.

பால் புரையேறியிருக்கும், தாய் அசந்து தூங்கியிருப்பாள், செய்வினை என்று வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. அவள் ஒழுங்காகச் சாப்பிட்டே பல நாளாகிறது.

கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். இப்படிக் காரணம் தெரியாமல் பிள்ளைகள் தூக்கத்தில் திடீரென்று இறப்பதற்கு, 1994-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மூன்று விஷயங்கள் ஒன்றுசேர்வதைச் சொன்னார்கள்: பிள்ளைக்குள்ளேயே இருக்கும் ஒரு பலவீனம், முதல் ஆறு மாதப் பருவம், குப்புறப் படுப்பது போன்ற வெளிக்காரணம். இறந்த பல பிள்ளைகளின் மூளைத்தண்டில், மூச்சு முட்டும்போது உசுப்பிவிடும் பகுதியில், செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தின் குறைபாட்டைக் கண்டிருக்கிறார்கள். இது எந்தத் தாயின் கண்ணுக்குத் தெரியும்? மல்லாத்திப் படுக்க வைக்கச் சொன்னபிறகு பல நாடுகளில் இந்த இறப்பு பாதிக்கு மேல் குறைந்ததாம். அதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நான் சொன்னால் அவள் மாமியார் கேட்கமாட்டார். பாளையங்கோட்டையிலோ நெல்லை டவுனிலோ பொறுமையாக உட்கார்ந்து விளக்கும் குழந்தை மருத்துவர் யாரையாவது தெரியுமா? சில பிள்ளைகளுக்குப் பரம்பரையாக வரும் இதயத்துடிப்புக் கோளாறு காரணமாம். அப்படியென்றால் தங்கச்சிக்கும் மாப்பிள்ளைக்கும் இசிஜி எடுத்துப் பார்க்கலாமா? அப்புறம், இதே இழப்பைக் கண்ட தாய் யாராவது இருந்தால் என் தங்கச்சியிடம் ஒருமுறை பேசுங்கள் அக்கா. எனக்குத் தனிச்செய்தி அனுப்பினால் போதும், எந்த நேரமானாலும் கூப்பிடுகிறேன்.